உங்கட வீடு மாதிரி

கண்டல்முனை என்ற கரையோர ஊர் தன் சனங்களை மறந்துபோனதற்கு ஜெசிந்தா விழுங்கிய ஒரு சொல்தான் காரணம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், என்றாலும் அவளை முகத்துக்கு நேரே யாரும் குற்றம் சொன்னதில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லை விழுங்க வைத்தது அவள் வயிற்றில் இருந்த பிள்ளை, பிறக்காத பிள்ளையோடு யார் சண்டைக்குப் போவது?

சீனத்துத் தூதுக்குழு காற்றுக்காலத்தில் ஒரு முற்பகலில் வந்தது. வெள்ளை வாகனங்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அந்தோனியார் கோயில் வளவில் வரிசையாக நின்றன, கொழும்பிலிருந்து பெரியவர்கள் இறங்கினார்கள், சீனத்திலிருந்து அவர்களைவிடப் பெரியவர்கள் இறங்கினார்கள், வீட்டுக்கு வீடு புது வலையும் உலர் உணவுப் பொதியும் கொடுத்தார்கள், கூடிய கெதியில் கரையோரக் கடலை அடைத்துக் கடலட்டைப் பண்ணை போட ஒரு கொம்பனி வரும் என்றும் அதனால் எல்லோருக்கும் நன்மை என்றும் சொன்னார்கள். கடலட்டையைக் கண்டல்முனையில் ஒருவரும் வாயில் வைத்ததில்லை. சேற்றில் கிடந்து சேற்றையே தின்கிற அந்தப் பிராணியை அவித்துக் காயவைத்து அந்த நாட்டில் விருந்துக்குப் பரிமாறுவார்களாம் என்று கேட்டபோது ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கடலை அடைத்தால் நாங்கள் எங்கே வலை விரிக்கிறது என்று யாரோ மெல்லக் கேட்டது காற்றோடு போயிற்று. சண்டை முடிந்து ஊர் திரும்பியதிலிருந்து அங்கே வந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள், இவர்களாவது வலை கொண்டுவந்திருக்கிறார்களே என்று சனம் வாயை மூடிக்கொண்டது.

வரவேற்புரை மாதர் சங்கத் தலைவியான ஜெசிந்தாவின் பொறுப்பு. பள்ளிக்கூடக் காலத்தில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவள், மைக்கைக் கண்டால் நிமிர்ந்து நிற்பவள். அவள் மனப்பாடம் செய்திருந்தது ஊரில் எந்த விருந்தாளிக்கும் எல்லோரும் சொல்கிற வசனந்தான்: இது உங்கட வீடு மாதிரி, இது உங்கட ஊர் மாதிரி. "இது உங்கட வீடு" என்று அவள் தொடங்கிய அந்தக் கணத்தில் வயிற்றுக்குள் பிள்ளை முதல்முதலாக உதைத்தது, அவளுக்கு மூச்சு ஒருகணம் நின்று திரும்பியது, "மாதிரி" என்பது தொண்டைக்குள் இறங்கிப்போயிற்று, முதல் "மாதிரி" இறங்கிய வேகத்தில் இரண்டாவதும் இறங்கியது.

"இது உங்கட வீடு. இது உங்கட ஊர்," என்றாள் ஜெசிந்தா, ஒலிபெருக்கியில், பனங்காணி வரைக்கும் கேட்க.

மொழிபெயர்த்தவன் எழிலன் என்ற சீனத்துப் பெடியன். அங்கே பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிறவர்கள் ஆளுக்கொரு தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்வார்களாம், அவன் தனக்கு வைத்துக்கொண்டது அது. ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான், அப்படி ஒரு நேர்மை. சொன்னதைச் சொன்னபடி சீனத்தில் சொன்னான். தூதுக்குழுத் தலைவர் எழுந்து, இரண்டு கையும் குவித்து, நெஞ்சு நிறைந்தவர்போல ஏதோ சொன்னார், அதை எழிலன் தமிழில் சொன்னான்: "மிக்க நன்றி. நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜெசிந்தாவும் தட்டினாள்.

அன்று பின்னேரம் அவள் தன் வீட்டு வேலிப் படலையைத் திறக்கப் போனபோது, குட்டியிலிருந்து அவள் கையால் சோறு தின்று வளர்ந்த நாய் வீமன், அவளைப் பார்த்துக் குரைத்தது. பல்லைக் காட்டிக் குரைத்தது. பின்னால் வந்த அவள் புருஷன் அமலதாஸ் அதட்டிப் பார்த்தான், கல்லெடுத்துப் பார்த்தான், அது அசையவில்லை. படலைப் பூட்டுக்குள் திறப்பு போனது, ஆனால் திரும்பவில்லை. இருட்டத் தொடங்கியபோது, கால் கடுத்து, வேறு வழி தெரியாமல் ஜெசிந்தா வெளியே நின்று, ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் கேட்கிற மாதிரியே கேட்டாள்: "வீட்டுக்காரர், உள்ளுக்கு வரலாமோ?"

படலை திறந்தது. வீமன் விலகி வழி விட்டது, ஆனால் வாலை ஆட்டவில்லை.

விடிந்ததும் பார்த்தால் ஊர் முழுக்க இதே கதை. கிணற்றில் போட்ட வாளி வெறுமையாக மேலே வந்தது, "கொஞ்சம் தண்ணி அள்ளலாமோ" என்று கேட்டவர்களுக்கு மட்டும் நிறைந்து வந்தது. வள்ளங்கள் மணலை விட்டு அசையவில்லை, பிறத்தியாரிடம் இரவல் கேட்கிற குரலில் கேட்டபிறகு அசைந்தன. கோயில் மணிக்கயிற்றைப் பிடித்துப் பாதர் தொங்கிப் பார்த்தார், மணியின் நாக்கு அசையவில்லை, "ஒருக்கா அடிக்கலாமோ" என்று பணிந்து கேட்டார், அடித்தது. முறைப்பாடு சொல்லக் கிராம அலுவலரான விதானையாரிடம் போனவர்கள், விதானையார் தன் கந்தோர் வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டியபடி நிற்பதைக் கண்டு திரும்பி வந்தார்கள்.

வேறு ஊராயிருந்தால் கலவரம் வந்திருக்கும். கண்டல்முனை பழகிக்கொண்டது, அதைத்தான் நினைக்க நினைக்க நெஞ்சு பதறுகிறது. எத்தனையோ வருஷம் இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடங்களிலும் முகாம்களிலும் யார் யாரோ வீட்டு விறாந்தைகளிலும் கிடந்த சனம் அது, அடுத்தவர் வீட்டில் எப்படிக் கால் வைப்பது, எப்படிக் குரலைத் தாழ்த்துவது, பசித்தாலும் எப்படிப் போதும் என்று சொல்வது என்றெல்லாம் அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிறத்தியார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பதால் கடலுக்குப் போய்த் திரும்பும் ஆண்கள் தங்கள் வீட்டுக்கே பிஸ்கற் பக்கற்றும் வாழைப்பழச் சீப்பும் வாங்கிக்கொண்டு போனார்கள், சந்திக் கடையில் பிஸ்கற் தட்டுப்பாடு வந்தது. சொந்தக் கதிரையின் நுனியில் முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தார்கள். தேத்தண்ணியை ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினார்கள். இரண்டாந்தரம் சோறு கேட்பதற்குப் பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள். "எடியே, தண்ணி கொண்டா" என்று படலையடியிலிருந்தே கத்துகிற அமலதாஸ், "உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டா ஒரு மிடறு தண்ணி தருவீங்களோ" என்று ஜெசிந்தாவிடம் கேட்டான், அவள் செம்பை இரண்டு கையாலும் நீட்டினாள், ஒரே பாயில் அவர்கள் பயணத்தில் சந்தித்த இருவர் போல ஓரத்தில் ஓரத்தில் படுத்தார்கள். கொழும்பிலிருந்து பார்க்க வந்த அதிகாரிகள், நாட்டிலேயே இவ்வளவு பண்பான சனத்தைக் கண்டதில்லை என்று சொல்லி, உண்மையாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

ஜெசிந்தா சும்மா இருக்கவில்லை. விட்ட சொல்லைச் சேர்த்துவிட்டால் சரி என்று கோயில் வளவில் அதே இடத்தில் நின்று, இது உங்கட வீடு மாதிரி, இது உங்கட ஊர் மாதிரி என்று தொண்டை கட்டும் வரைக்கும் சொல்லிப் பார்த்தாள். ஊர் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டைப் பற்றி விருந்தாளி ஒருத்தி ஏதாவது சொன்னால் அதை யார்தான் காதில் போட்டுக்கொள்வார்கள்.

கொம்பனி வந்தது, கடலில் தடி நட்டு வலை கட்டிப் பண்ணையும் போட்டது. கரையில் கூடாரங்கள் முளைத்தன, ஊரில் சில பெடியன்கள் அங்கே கூலிக்குப் போனார்கள். அந்தச் சீனத்து ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் ஒழுங்கையில் நடந்தால் படலைகள் தானாகத் திறந்தன, கிணறுகள் விளிம்பு வரைக்கும் பொங்கின, நாய்கள் வாலைக் குழைத்துக்கொண்டு பின்னால் ஓடின, அதைக் கண்டு அவர்களுக்கே கூச்சமாயிருந்தது. எழிலனுக்குக் கூடுதலாகக் கூச்சம். பண்ணை விஷயமாக ஒருநாள் ஜெசிந்தா வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது, வாசற்படியில் நின்று கைகுவித்து, "நான் போகிறேன்," என்றான்.

பக்கத்து வீட்டு மதலேனா அக்கா அங்கே ஆட்டுக்குக் குழை கேட்க வந்து நின்றவள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அவன்மேல் பாய்ந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டு வாசலில் நின்று சொல்கிற சொல்லா அது, போகிறேன் என்று செத்தவனல்லவா போவான் என்று பொரிந்து தள்ளினாள். எழிலன் வெலவெலத்துப்போனான். ஜெசிந்தாதான் அவனுக்குப் பரிவாகச் சொல்லிக்கொடுத்தாள்: போனாலும் திரும்பி வருவன் எண்டு சேர்த்துச் சொல்ல வேணும் தம்பி, போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ. மதலேனா அக்கா அந்த வாசலில் கிடந்த "போகிறேன்" என்ற சொல்லை உப்பும் மிளகாயும் சுற்றி எரித்துவிட்டுத்தான் போனாள். எழிலன் நன்றாகப் படிக்கிற பிள்ளை, அதற்குப் பிறகு எங்கே கிளம்பினாலும் "போய் வருகிறேன்" என்று பிசகாமல் சொன்னான், அவனிடமிருந்து மற்றச் சீனர்களும் அதைக் கற்றுக்கொண்டு கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார்கள்.

மதலேனா அக்காவின் ஆடு ஈன்ற நாளில்தான் ஜெசிந்தாவுக்குப் பயம் உண்மையாகப் பிடித்தது. அதுவரை மறந்ததெல்லாம் கதவு, கிணறு, வள்ளம், மிஞ்சிப்போனால் நாய். அன்று பிறந்த குட்டி எழுந்து தள்ளாடி நின்றது, தாயின் மடியை ஒருமுறை முகர்ந்து பார்த்தது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஈரம் காயாத உடம்போடு, கரையிலிருந்த கூடாரங்களை நோக்கி நடந்தது. தாய் கத்திக்கொண்டு பின்னால் போயிற்று. குட்டி திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஜெசிந்தா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது, அதை அவள் அமலதாசிடம்கூடச் சொல்லவில்லை. வரவேற்புரை அன்று முதல்முதலாக உதைத்த பிள்ளை அதற்குப் பிறகு அவள் தடவினாலும் உதைப்பதில்லை, பேசினாலும் உதைப்பதில்லை, கொம்பனி வாகனம் ஒழுங்கையால் போகும்போது மட்டும் உதைத்தது. வாகனம் வருவது அவள் காதுக்குக் கேட்க முன்னமே வயிற்றுக்குள் ஒரு துள்ளல் வரும், வாகனம் தூரப் போய்விட்டால் மறுபடி கல்லுப்போலக் கிடக்கும். இனிப் பிறக்கப்போகிற பிள்ளை கண்ணைத் திறந்து, அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த நாள் காலை எழிலனைத் தேடிப் போனாள். அவன் மாதர் சங்கக் கட்டடத்தில் தனக்கு ஒதுக்கிய அறைக்கு வெளியே, ஊர் நாய்கள் சுற்றிப் படுத்திருக்க, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான்.

"அம்மாவுக்கு எடுத்தேன், அக்கா," என்றான். "அம்மா மிக மரியாதையாகப் பேசினார். தாங்கள் யார், யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டார்."

அவன் வீடு சீனத்தில் ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரத்தில் இருந்தது. இங்கே ஒரு வீடு கிடைத்த நாளிலிருந்து அந்த வீடு அவனை மெல்ல மெல்ல விட்டுவிட்டது போலிருக்கிறது. லீவு கிடைக்கும்போதெல்லாம் தன் ஊருக்குக் கிளம்புவான், விமான நிலையத்துக்குப் போகிற பஸ்சில் கண்ணயர்வான், விழித்தால் கண்டல்முனைச் சந்தியில் நிற்பான். ஒவ்வொரு முறையும் எப்படிக் கிளம்பினீர்கள் என்று ஜெசிந்தா கேட்டாள். நீங்கள் சொல்லித்தந்தபடிதான், போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் என்றான் அவன்.

ஜெசிந்தாவுக்குத் தலையில் யாரோ தட்டியதுபோல இருந்தது. சேர்க்க வேண்டிய சொல்லை விழுங்கியவளும் அவள்தான், விட வேண்டிய சொல்லைச் சேர்க்கச் சொன்னவளும் அவள்தான். வரச்சொல்லிக் கதவைத் திறந்துவிட்டு, போகிற கதவையும் தானே பூட்டியிருக்கிறாள். ஏற்றுக்கொள்கிறோம் என்று தமிழில் சொன்னது எழிலனின் வாய், இந்த ஊர் கேட்டது அந்த வாயைத்தான், ஆகவே போகிறோம் என்றும் அந்த வாய்தான் சொல்ல வேண்டும், வருகிறோம் என்பதைச் சேர்க்காமல், அவள் வீட்டு வாசலில் நின்று.

அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவள் வயிற்றைப் பார்த்தான். பிறகு தன் படிப்புக்கே உரிய கவனத்தோடு ஒன்று கேட்டான்: "நாம் போகிறோம் என்பதா, நாங்கள் போகிறோம் என்பதா, அக்கா? நாம் என்றால் கேட்பவரும் சேர்ந்துவிடுவார். நாங்கள் என்றால் சேரமாட்டார். அப்படித்தான் எங்களுக்குக் கற்பித்தார்கள்."

"நாங்கள்," என்றாள் ஜெசிந்தா. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. படித்த தமிழில் அப்படி இருக்கலாம். கண்டல்முனையில் நாம் என்று யார் பேசுகிறார்கள்? இங்கே எல்லாம் நாங்கள்தான், வாங்கோ நாங்கள் கோயிலுக்குப் போவம் என்றால் கேட்கிறவரும் சேர்த்திதான். வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்குப் பல்கலைக்கழகத் தமிழ் எங்கே தெரியும், அது கேட்டு வளர்கிறது ஊர்த் தமிழ், வாசலில் நின்று ஒருவன் நாங்கள் போகிறோம் என்றால் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறான் என்று அது எழும்பிப் போய்விட்டால்? நான் என்று ஒருமையில் சொல்லவும் முடியாது, ஏற்றுக்கொண்டது பன்மையில்.

அமலதாஸ் இதைக் கேட்டுவிட்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு மரியாதையை மறந்து அவளை ஏசினான். பிள்ளையை வைச்சுச் சூதாடுறியோ என்று கேட்டான். மதலேனா அக்கா அழுதாள், இப்படியே இருந்துவிட்டுப் போவோம், கேட்டால் கதவு திறக்கிறதுதானே, கேட்டால் தண்ணீர் வருகிறதுதானே என்றாள். ஜெசிந்தா அந்தக் கதையை நின்று கேட்டாள். கேட்டால் பிள்ளை வருமா என்று மட்டும் கேட்டாள். அமலதாஸ் வள்ளத்திடம் இரவல் கேட்டு எடுத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கடலுக்குப் போனான்.

பட்டப்பகலில் எழிலன் வந்தான். படலை அவனுக்காகத் திறந்தது, வீமன் எழுந்து வாலாட்டிக்கொண்டு ஓடி அவன் காலை நக்கியது, ஜெசிந்தாவின் வயிற்றுக்குள் பிள்ளை துள்ளியது. அவள் கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, பிள்ளையின் காது எந்தப் பக்கம் என்று தெரியாததால் இரண்டு கைகளையும் விரித்து வயிறு முழுக்கப் பொத்திக்கொண்டாள்.

"நான் பயப்படுகிறேன், அக்கா," என்றான்.

"நானுந்தான். சொல்லுங்கோ தம்பி."

"நாங்கள் போகிறோம்," என்றான் எழிலன். உதடு பழக்கத்தில் அடுத்த சொல்லுக்குக் குவிந்தது, கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

வீமன் ஒரு அடி பின்னால் போய், அவனைப் பார்த்துக் குரைத்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான், படலை அவன் முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்திக்கொண்டது. ஜெசிந்தாவின் வயிறு அடங்கிப்போயிற்று. அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள், கையை எடுக்கவில்லை, தடவவில்லை, கூப்பிடவில்லை, கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வாயைத் திறக்கவேயில்லை. நிழல் வாசலைக் கடந்து கிணற்றடிக்குப் போயிற்று. பொழுது சாயும் நேரத்தில் அமலதாஸ் கடலிலிருந்து வந்தான், கையில் பிஸ்கற் பக்கற் இல்லை, கோபத்தில் கேட்க மறந்து படலையைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு வந்தான், வீமன் அவன்மேல் பாய்ந்து முகத்தை நக்கியது. "எடியே," என்று அவன் கத்தினான், "எங்கையடி நிக்கிறாய்?" அந்தக் குரலுக்கு வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை உதைத்தது. ஜெசிந்தா அழுத அழுகை கடற்கரை வரைக்கும் கேட்டதாம்.

கொம்பனி கூடாரங்களைக் கழற்றிக்கொண்டு போயிற்று, வேறெங்கோ ஒரு நாட்டில் இதைவிட நல்ல கரை கிடைத்ததாகப் பேச்சு. எழிலன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா, அவன் அம்மா அவனை அடையாளம் கண்டாளா என்று கண்டல்முனைக்குத் தெரியவில்லை, திரும்பி வருவேன் என்று சொல்லாமல் போனவனிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. கூலி இல்லாமல் போன பெடியன்கள் ஜெசிந்தாவைக் கண்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கதவுகளும் கிணறுகளும் பழையபடி ஆயின, ஆட்டுக்குட்டி தாயிடம் வந்தது. ஆனால் அந்த ஊரில் யாரும் அதற்குப் பிறகு விருந்தாளியை வாங்கோ என்று கூப்பிடவில்லை. உறவுக்காரர் வந்தாலும் படலையில் நிறுத்தி என்ன அலுவல் என்று கேட்டார்கள். ஜெசிந்தா செபமாலை உருட்டும்போதும் அருள்நிறைந்த மரியாயே செபத்துக்கு நடுவில் மாதிரி, மாதிரி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், வேண்டிய நேரத்தில் வாயில் இருக்க வேண்டும் என்று.

பிள்ளை பெண்ணாகப் பிறந்தது, கண்ணைத் திறந்து தாயைப் பார்த்துச் சிரித்தது, பிறிசில்லா என்று பெயர் வைத்தார்கள். நடந்தாள், ஓடினாள், பேச மட்டும் இல்லை. சில பிள்ளைகள் பிந்தித்தான் பேசும் என்று மருத்துவர் சொன்னார், ஜெசிந்தா நம்பினாள்.

காற்றுக்காலத்து முற்பகல் ஒன்றில் அவர்கள் வாசலில் ஒரு வெள்ளை வாகனம் வந்து நின்றது. முன்னால் ஒரு சின்னக் கொடி பறந்தது, எந்த நாட்டுக் கொடி என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை, சீனத்துக் கொடி இல்லை என்பது மட்டும் தெரிந்தது. இறங்கியவர்கள் சிரித்துக்கொண்டு கைகுவித்தார்கள், அவர்களில் ஒருவர் கையில் புது வலை இருந்தது. மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிறிசில்லா எழுந்தாள், கையைத் தட்டி மண்ணை உதறினாள், படலையடிக்குப் போய் நிமிர்ந்து நின்றாள், மைக் முன்னால் நிற்கிறவள்போல.

"இது உங்கட வீடு," என்றாள் பிள்ளை, தன் வாழ்க்கையில் முதல்முதலாக, திருத்தமாக, தாயின் குரலில்.

"மாதிரி!" என்று கத்திக்கொண்டு ஓடினாள் ஜெசிந்தா, "மாதிரி, மாதிரி!" என்று கத்திக்கொண்டே பிள்ளையின் வாயைப் பொத்தினாள், வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சிரித்தபடியே நின்றார்கள். வேப்பமர நிழலில் படுத்திருந்த வீமன் எழுந்தது. வாகனத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடி வாகனத்தைப் பார்த்தது. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா, நாய் யாரைப் பார்த்துக் குரைக்கப்போகிறது என்று காத்து நின்றாள்.